குதிரை லாயத்தில் ஆழ்கூளம்: கோழிப் பண்ணைக் கணக்கு செல்லுமா?

பொள்ளாச்சிப் பக்கம் தென்னந்தோப்பு வைத்திருக்கும் ஒருவரின் கேள்வி இது. அந்தியூர்ச் சந்தையில் இரண்டு குதிரைகள் வாங்கியிருக்கிறார்: கத்தியவாரி இனப் பெண் குதிரை ஒன்று, காயடித்த ஆண் குதிரை ஒன்று. இரண்டும் இரவில் 12க்கு 12 அடி அறைகளில் நிற்கின்றன. தோப்பில் ஏற்கெனவே நாட்டுக்கோழிகளை ஆழ்கூள முறையில், அதாவது தரையில் கனமாகக் கூளம் பரப்பி மாதக்கணக்கில் அள்ளாமல் விட்டு, வளர்த்துப் பழகியவர். அதே போல லாயத்திலும் ஓர் அடி உயரத்துக்குத் தென்னை நார்க்கழிவைக் கொட்டிவிட்டு, ஆறு மாதத்துக்கு ஒருமுறை அள்ளினால் போதுமா, இடையில் நாற்றம் எழுந்தால் சுண்ணாம்பு தூவலாமா என்று கேட்கிறார். கேள்வி நார்க்கழிவையும் சுண்ணாம்பையும் பற்றியதாக இருந்தாலும், உள்ளே இருப்பது கூலிக் கணக்கு. தினமும் லாயத்தைச் சுத்தம் செய்ய ஆள் கிடைப்பதில்லை. அந்த வேலையை ஆறு மாதத்துக்கு ஒரு நாளாகச் சுருக்க முடியுமா என்பதுதான் அவருக்குத் தெரிய வேண்டும். முடியாது. வேலையைக் கொஞ்சம் குறைக்கலாம், அவ்வளவே. சுண்ணாம்பு மட்டும் வேண்டவே வேண்டாம்.

நான் கால்நடை மருத்துவன். பணிக்காலத்தில் பெரும்பகுதி குதிரைகளோடு, சமவெளியிலும் நீலகிரியிலுமாகக் கழிந்தது. கீழே எழுதுவதில் சில அறிவியலில் ஐயமின்றி நிறுவப்பட்டவை, சில லாயங்களில் பார்த்துப் பார்த்து வந்த முடிவுகள். எது எந்த வகை என்று அங்கங்கே சொல்லிவிடுகிறேன். உங்கள் லாயத்தை நேரில் பார்க்காமல் எழுதுகிறேன் என்பதையும் நினைவில் கொள்ளுங்கள்; தரையும் கூரையும் மாறினால் என் பதிலும் சற்று மாறும்.

முதலில் கோழியை விட்டு வெளியே வர வேண்டும். கோழிக்குத் தனியாகச் சிறுநீர் கிடையாது. உடலின் நைட்ரஜன் கழிவு யூரிக் அமிலமாக, வெள்ளைப் பசை போல எச்சத்தோடு சேர்ந்தே வெளியேறுகிறது. கூளத்தின் ஈரத்தை 30 சதவீதத்துக்குள் வைத்துக்கொள்வது ஓரளவு எளிது. அதைவிட முக்கியம், கோழி நாள் முழுக்கக் கூளத்தைக் கிளறிக்கொண்டே இருக்கிறது. காற்று உள்ளே போகிறது, ஈரம் வெளியேறுகிறது, காற்றில் வாழும் நுண்ணுயிரிகள் கழிவை மக்கச் செய்கின்றன. அதாவது கோழிப் பண்ணையில் ஆழ்கூளத்தைப் பராமரிக்கும் வேலையாள் கோழியேதான்.

குதிரை இதில் எதையும் செய்யாது. 350 கிலோ எடையை நான்கு குளம்புகளில் இறக்கிக் கூளத்தை மிதித்து இறுக்கும். 450 முதல் 500 கிலோ எடையுள்ள குதிரை நாளுக்கு ஏறத்தாழ 14 கிலோ சாணமும் 9 லிட்டர் சிறுநீரும் கழிக்கிறது. உங்கள் குதிரைகள் சற்றுச் சிறியவை. 7 லிட்டர் என்று வைப்போம். பகலில் பாதி நேரம் வெளியே நிற்கின்றன என்றாலும் மூன்று மாதத்தில் ஓர் அறைக்குள் 300 லிட்டருக்கு மேல் சிறுநீர் இறங்கும். ஆறு மாதத்துக்கு நீங்களே பெருக்கிக்கொள்ளுங்கள். அதுவும் அறை முழுக்கப் பரவி விழாது. பெண் குதிரை பெரும்பாலும் அறையின் பின்பக்கத்தை நனைக்கும், ஆண் குதிரை நடுவே நனைக்கும். அந்த இடம் மட்டும் சேறாகும், மற்ற இடம் காய்ந்து கிடக்கும். மேலே நின்று பார்ப்பவருக்குப் படுக்கை நன்றாகவே இருக்கிறது என்றுதான் தோன்றும்.

அப்படியானால் குதிரைக்கு ஆழ்கூளமே கிடையாதா என்றால், உண்டு. பிரிட்டனிலும் வட ஐரோப்பாவிலும் நெடுங்காலமாக நடக்கும் முறைதான். ஆனால் அங்கேயும் போட்டுவிட்டு மறந்துவிடும் வேலை அல்ல அது. முதல் நாள் எட்டு, ஒன்பது அங்குல உயரத்துக்குக் கோதுமை வைக்கோலோ மரச்சீவலோ பரப்புவார்கள். சாணத்தைத் தினமும், முடிந்தால் மூன்று நான்கு முறை, மேலாகப் பொறுக்கி எடுத்துவிடுவார்கள். சிறுநீர் நனைந்த அடிப்பகுதியைத் தொட மாட்டார்கள். அதன் மேல் உலர்ந்த கூளத்தைப் போட்டுக்கொண்டே வருவார்கள். அடியில் இறுகிய ஈரப் படிவம், மேலே உலர்ந்த படுக்கை என்று இரண்டு அடுக்காக அது நிற்கும். குளிர்காலம் முடிந்ததும் மொத்தமாக அள்ளுவார்கள். சாணத்தைப் பொறுக்காமல் விட்டால் அதற்கு ஆழ்கூளம் என்று பெயர் இல்லை, அழுக்கு லாயம் என்றுதான் பெயர். கோழிப் பண்ணையில் கிளறுவது நல்லது. இங்கே அடிப்படிவத்தைக் கிளறினால் அடங்கிக் கிடந்த அம்மோனியா மொத்தமாக மேலே வரும். கோழி வளர்த்துப் பழகியவர்கள் முதலில் தடுமாறுவது இந்த இடத்தில்தான்.

அவர்கள் ஏன் அப்படிச் செய்கிறார்கள் என்பதும் உங்கள் முடிவுக்குத் தேவை. மக்கும் கூளம் சூடு தரும். பனி கொட்டும் ஊரில், நீண்ட இரவில் அடைபட்டு நிற்கும் குதிரைக்கு அடியிலிருந்து வரும் அந்தச் சூடு வரம். டிசம்பர், ஜனவரியில் உறைபனி விழும் ஊட்டியில் இந்த முறையை நான் ஆதரிப்பேன். அங்கே நன்றாக நடத்தப்பட்ட லாயங்களைப் பார்த்திருக்கிறேன். பொள்ளாச்சியில் யாருக்கு வேண்டும் அந்தச் சூடு? ஏப்ரலில் தகரக் கூரைக்குக் கீழே நிற்கும் குதிரைக்கு அடியிலிருந்தும் ஓர் அடுப்பு எதற்கு? மழைக்காலமோ வேறு விதத்தில் பாதகம். ஜூன், ஜூலையில் பாலக்காட்டுக் கணவாய் வழியே சாரல், அக்டோபரிலிருந்து வடகிழக்குப் பருவமழை. காற்றிலேயே ஈரம் நிற்கும் அந்த மாதங்களில் கூளம் மேலிருந்து காயாது. ஆகவே ஆறு மாதக் கணக்கு உங்கள் ஊர் வானிலைக்குப் பொருந்தாது என்பதே என் முடிவு. இதில் எனக்குத் தயக்கம் இல்லை.

இனி நாற்றம். சிறுநீரில் இருப்பது யூரியா. அதற்கு நாற்றம் கிடையாது. சாணத்தில் உள்ள பாக்டீரியாக்கள் யூரியேஸ் என்ற நொதியைச் சுரக்கின்றன. அந்த நொதி யூரியாவை உடைக்கும்போதுதான் அம்மோனியா பிறக்கிறது. சாணத்தைச் சிறுநீரிலிருந்து எவ்வளவு விரைவாகப் பிரிக்கிறீர்களோ அவ்வளவு நல்லது என்பதற்கு இதுவே காரணம். மனிதர்கள் எட்டு மணி நேரம் வேலை செய்யும் இடத்தில் அம்மோனியா பத்து லட்சத்தில் 25 பங்குக்கு மேல் போகக் கூடாது என்று அமெரிக்கத் தொழிற்பாதுகாப்பு நிறுவனம் பரிந்துரைக்கிறது. குதிரையோ இரவு முழுக்க அங்கேயே நிற்கிறது, தரையில் கிடக்கும் புல்லைத் தலை தாழ்த்தித் தின்கிறது, படுத்தால் மூக்கு கூளத்தின் மேலேயே இருக்கிறது. நீங்கள் ஐந்தரை அடி உயரத்தில் நின்று மூச்சை இழுத்துவிட்டு ‘நாற்றம் ஒன்றும் பெரிதாக இல்லையே’ என்று சொல்வதில் பொருளில்லை. விடியற்காலையில், கதவைத் திறப்பதற்கு முன், உள்ளே போய் மண்டியிட்டு, முழங்கால் உயரத்தில் மூச்சை இழுத்துப் பாருங்கள். மூக்கு எரிந்தால், கண் கரித்தால், அந்தப் படுக்கை தேறாது. லாயத்திலேயே நாளெல்லாம் இருப்பவரின் மூக்கு பழகிப்போயிருக்கும். வெளியாள் ஒருவரைப் பார்க்கச் சொல்வது மேல்.

சுண்ணாம்புக்கு வருகிறேன். கோழிப் பண்ணையில் ஈரக் கூளத்துக்குச் சுண்ணாம்பு தூவிக் கிளறுவது வழக்கம்தான். அங்கே சுண்ணாம்பு ஈரத்தை உறிஞ்சுகிறது. காரத்தன்மையைக் கூட்டி, கூளத்தில் தேங்கிய அம்மோனியாவை வாயுவாக வெளியே துரத்துகிறது. பக்கவாட்டில் முழுக்கக் கம்பிவலை இருப்பதால் அது காற்றோடு போய்விடும். மூன்று பக்கம் சுவர் வைத்த குதிரை அறையில் அது எங்கே போகும்? கணக்கு எளிது. கூளத்தின் கார அமிலக் குறியீடு (pH) 7 என்றால் அதிலுள்ள அம்மோனியாவில் நூற்றுக்கு ஒரு பங்குகூட வாயுவாக இருக்காது. கரைசலிலேயே கட்டுண்டு கிடக்கும். குறியீடு 9 ஆனால் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வாயுவாகிவிடும், வெப்பம் கூடினால் இன்னும் அதிகம். குதிரையின் சிறுநீர் இயல்பிலேயே காரம் சார்ந்தது. அதில் வெள்ளையாகக் கலங்கித் தெரிவது சுண்ணாம்புச் சத்தின் படிகம்தான், நோயல்ல. அதன் மேல் இன்னும் சுண்ணாம்பு தூவுவது நாற்றத்தை அடக்காது, கிளப்பிவிடும். ஈரத்தோடு சேர்ந்த நீற்றுச் சுண்ணாம்பு குளம்புக்கும் தோலுக்கும் கண்ணுக்கும் எரிச்சல் தரும் என்பது தனி. கூளத்தை முழுதாக அள்ளிக் கழுவிய பிறகு, குதிரை இல்லாத வெறும் தரையில் சுண்ணாம்பு அடித்து உலரவிடுவதற்கு நான் தடை சொல்லவில்லை. படுக்கையில் தூவுவதுதான் கூடாது.

நார்க்கழிவைப் பற்றி நல்லதும் கெட்டதும் சொல்ல வேண்டும். தன் எடையைப் போல் ஐந்து ஆறு மடங்கு நீரைப் பிடித்துக்கொள்ளும். வைக்கோல் இரண்டு மூன்று மடங்கோடு நின்றுவிடும். பெரும்பாலான குதிரைகள் நார்க்கழிவைத் தின்பதில்லை. உங்கள் ஊரில் மலிவாகவும் கிடைக்கிறது. ஆனால் பிடித்த நீரை அது விடாது. கீழே வடியவும் விடாது, மேலே காயவும் விடாது. ஓர் அடி உயரத்துக்குப் போட்டால் அடியில் அரை அடி காற்றே புகாத கருஞ்சேறாகிவிடும். நிறமே கரும்பழுப்பு என்பதால் எது நனைந்தது, எது காய்ந்தது என்று கண்ணுக்குத் தெரியாது. கையை விட்டுத்தான் பார்க்க வேண்டும். நன்றாகக் காய்ந்துவிட்டாலோ தூசி பறக்கும். நார் ஆலை வாசலில் மழையில் குவித்துக் கிடந்ததை அப்படியே ஏற்றிவந்தால் பூஞ்சையையும் சேர்த்தே கொண்டுவருகிறீர்கள். தூசியும் பூஞ்சையும் குதிரையின் மூச்சுக்குழாய்க்கு எதிரி. 2016இல் வெளிவந்த நிபுணர் குழு அறிக்கைக்குப் பிறகு குதிரை ஆஸ்துமா என்ற பெயரில் வழங்கும் நோயைத் தூண்டுவதில் இவற்றுக்கே முதலிடம். நாள்பட்ட இருமல், தீனி தின்னும்போது இருமல், ஓய்விலேயே விலாப்பக்கம் ஏறி இறங்குவது, இவையெல்லாம் படுக்கையையும் புல்லையும் சந்தேகிக்க வேண்டிய அறிகுறிகள்.

நான் சொல்வது, அடியில் மூன்று அங்குலம் காய்ந்த நார்க்கழிவு, அதன் மேல் ஐந்து அங்குலம் மர இழைப்புச் சீவல். ஈரத்தை நார்க்கழிவு வாங்கிக்கொள்ளும், குதிரை படுக்கும் மேற்பரப்பு உலர்ந்திருக்கும், வெளிர்நிறச் சீவலில் நனைந்த இடம் தெரியும். இந்த அளவுகள் ஆராய்ச்சியிலிருந்து எடுத்தவை அல்ல, கைப்பழக்கத்தில் வந்தவை. உங்கள் அறைக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளலாம். சீவல் வாங்கும்போது பிளைவுட், துகள்பலகை அறுக்கும் பட்டறைத் தூள் வேண்டாம்; அதில் பசையும் ரசாயனமும் இருக்கும். பச்சை மரம் அறுத்த ஈரத்தூளும் வேண்டாம். நெல் உமி நீரை உறிஞ்சுவதே குறைவு. வைக்கோலைப் பரப்பினால் இரவெல்லாம் தின்று தீர்த்துவிடும். சிறுநீர்பட்ட வைக்கோலைத் தின்று குடல் அடைத்து, கோலிக் எனப்படும் வயிற்றுவலியோடு வரும் குதிரைகளைப் பார்க்காத குதிரை மருத்துவர் இருக்க மாட்டார். வைக்கோல் போட்டே ஆக வேண்டுமென்றால், படுக்கையில் வாய் வைக்கத் தேவையில்லாதபடி இரவுக்கு வேண்டிய புல்லைத் தாராளமாகப் போட்டுவிடுங்கள்.

எந்தப் பொருளாக இருந்தாலும் படுக்கையைக் கஞ்சத்தனமாக மெல்லியதாகப் போடாதீர்கள். குதிரை நின்றபடி உறங்கும் என்பது பாதி உண்மை. ஆழ்ந்த கனவுத் தூக்கத்துக்கு அது படுத்தே ஆக வேண்டும். படுக்கை பிடிக்காவிட்டால் படுக்காது.

ஈ விஷயத்தை யாரும் கேட்பதில்லை, ஆழ்கூளம் தோற்பதோ பெரும்பாலும் அங்கேதான். வீட்டு ஈ புதிய சாணத்தில் முட்டையிடும். நம் வெயிலில் ஒரு வாரம், பத்து நாளில் அடுத்த தலைமுறை பறக்கத் தொடங்கும். குதிரையின் காலைக் கடித்து ரத்தம் குடிக்கும் லாய ஈக்கு வேண்டியது சிறுநீர் ஊறி அழுகும் கூளம். ஆறு மாதம் அசையாமல் கிடக்கும் படுக்கையின் ஓரங்கள், தீனித்தொட்டிக்கு அடி, தண்ணீர் வாளி சிந்தும் மூலை, இவையெல்லாம் அதற்குத் தொட்டில். நம் நாட்டில் டிரிபனோசோமா என்ற ரத்த ஒட்டுண்ணியால் வரும் சர்ரா நோய் குதிரைகளைக் கொல்லும் அளவுக்குக் கொடியது. அதை டபானஸ் என்ற பெரிய குதிரை ஈக்களோடு சேர்ந்து இந்த லாய ஈயும் ஒரு குதிரையிலிருந்து இன்னொன்றுக்குக் கடத்துகிறது. ஆகவே நடுப்பகுதியை விட்டாலும் ஓரங்களையும் மூலைகளையும் வாரம் ஒருமுறை சுரண்டி எடுத்தே ஆக வேண்டும்.

குளம்பையும் தினமும் பாருங்கள். அடிப்புறத்தில் முக்கோணமாக இருக்கும் மென்பகுதியின் பள்ளத்தில் கறுப்பாக, சகிக்க முடியாத நாற்றத்தோடு கசிவு தெரிந்தால் குளம்பழுகல் தொடங்கிவிட்டது. ஈரப் படுக்கை அதற்கு முதன்மைக் காரணங்களில் ஒன்று. சரியாகச் சீவாத குளம்பும் நடமாட்டக் குறைவும் அதற்குத் துணை போகின்றன. லாடம் அடிப்பவர் வரும் நாள்வரை காத்திருக்க வேண்டாம். உங்கள் பெண் குதிரை சினையாகிக் குட்டி ஈனும் நிலை வந்தால் அந்த அறையில் பழைய கூளம் ஒரு பிடிகூட இருக்கக் கூடாது. குட்டியின் தொப்புளுக்கும் நுரையீரலுக்கும் அது ஆபத்து; வெதுவெதுப்பான ஈரக் கூளத்தில் வளரும் சில குடற்புழுக்களின் இளம்பருவம் குட்டியின் தோலைத் துளைத்தே உள்ளே போகும்.

தரையைப் பற்றி நீங்கள் எழுதவில்லை. காங்கிரீட் என்றால் 50 அடிக்கு ஓர் அடி என்ற அளவிலாவது வாட்டம் பின்பக்க வடிகாலை நோக்கி இருக்கட்டும். கெட்டித்த மண் தரை என்றால் ஒவ்வொரு முறை அள்ளும்போதும் பள்ளம் விழும், நிரவ வேண்டும். கூரை முகட்டில் காற்றுப் போக்கு இல்லாவிட்டால் மேலே எழுதியதெல்லாம் வீண்.

ஆக உங்களுக்கு நான் பரிந்துரைப்பது பாதி ஆழ்கூளம். சாணம் காலை, மாலை, இரவு மூன்று வேளையும் பொறுக்க வேண்டும். கூடையும் இரும்புக் கவையும் இருந்தால் ஓர் அறைக்குச் சில நிமிட வேலை. நன்றாக நனைந்த திட்டை ஒருநாள் விட்டு ஒருநாள் அடியோடு எடுத்து அந்த இடத்தில் மட்டும் புதிய கூளம் இடுங்கள். மற்ற இடத்தைக் கலைக்க வேண்டாம். மொத்தமாக அள்ளுவது கோடையில் ஆறு முதல் எட்டு வாரத்துக்கு ஒருமுறை, மழைக்காலத்தில் மாதம் ஒருமுறை. நாட்காட்டியைவிட மண்டியிட்டு மோந்து பார்க்கும் சோதனையை நம்புங்கள்; அது தோற்றால் அன்றே அள்ளுங்கள். பகலில் குதிரைகளைத் தோப்பில் அதிக நேரம் விட்டுவைப்பதைவிடப் படுக்கைச் செலவைக் குறைக்கும் வழி வேறில்லை.

நாற்றத்தைப் போக்கும் என்று விற்கப்படும் பொருட்களைப் பற்றிக் கொஞ்சம் எச்சரிக்கையோடு பேச வேண்டும். சியோலைட் தாது அம்மோனியாவைப் பிடித்துவைக்கும் என்பது வேதியியலில் உறுதி; ஒரு குதிரைக்கு எவ்வளவு, எத்தனை நாள் என்பது அந்தந்தச் சரக்கின் தரத்தைப் பொறுத்தது. நன்மை செய்யும் நுண்ணுயிரிகள் கலந்த ஈ.எம். (EM) கரைசல் தெளித்துப் பயன் கண்டதாகச் சொல்லும் பண்ணையாளர்கள் உண்டு. அவர்களில் பலர் அதே சமயத்தில் சாணம் பொறுக்குவதையும் ஒழுங்குபடுத்தியிருக்கிறார்கள், எனவே எது வேலை செய்தது என்று பிரித்துச் சொல்ல முடிவதில்லை. கோழிப் பண்ணையில் போடும் சூப்பர் பாஸ்பேட் அம்மோனியாவைக் கட்டும் என்றாலும், படுக்கையை நக்கும் பழக்கமுள்ள குதிரையின் காலடியில் உரத்தைப் போட எனக்கு மனம் வராது.

அள்ளும் நாளில் இரண்டு குதிரைகளையும், பக்கத்து அறையில் இருப்பதையும் சேர்த்து, வெளியே கட்டிவிடுங்கள். காற்று வீசும் காலை வேளை நல்லது. அள்ளுபவர் முகக்கவசமும் முழங்கால்வரை பூட்ஸும் அணியட்டும். ரண ஜன்னித் தடுப்பூசி போட்டிருக்கிறாரா என்று கேட்டுக்கொள்ளுங்கள், ஏனெனில் அந்தக் கிருமியின் வித்துகள் குதிரைச் சாணத்தில் சாதாரணமாகவே இருக்கும். கழுவிய தரை முழுக்க உலர்ந்த பிறகே புதுக்கூளம்.

அள்ளியதைத் தென்னைக்குப் போடத்தான் நினைத்திருப்பீர்கள். நேரடியாக வேண்டாம். பச்சை நார்க்கழிவில் கார்பன், நைட்ரஜன் விகிதம் 112க்கு 1 என்பது தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் தரும் கணக்கு. குதிரையின் சிறுநீர் அதைக் கணிசமாகக் குறைத்திருக்கும், ஆனாலும் மரச்சீவலும் கலந்திருப்பதால் மக்காமல் போட்டால் மண்ணில் இருக்கும் நைட்ரஜனையும் அதுவே இழுத்துக்கொள்ளும். நிழலில் குவித்து, ஈரம் காயாமல் பார்த்து, மாதம் ஒருமுறை புரட்டி, கைக்குச் சூடு தட்டாத நிலை வந்த பிறகு மரத்துக்கு ஆண்டுக்கு 50 கிலோ என்ற வழக்கமான தொழுவுரக் கணக்கில் இடலாம். புரட்டும்போது வெள்ளையாக, தடித்து, வளைந்த புழுக்கள் கிடைத்தால் பொறுக்கி அழித்துவிடுங்கள், அல்லது கோழிகளை விட்டுவிடுங்கள். அவை காண்டாமிருக வண்டின் புழுக்களாக இருக்கும். எருக்குவியலில் வளர்ந்து உங்கள் தென்னங்குருத்தையே துளைக்கப் போகிறவை. குவியல் பெரிதென்றால் இந்தப் புழுக்களைக் கொல்லும் மெட்டாரைசியம் பூஞ்சையை வேளாண் அறிவியல் நிலையத்தில் கேட்டு வாங்கிக் கலந்துவிடலாம்.